எதிர்ப்பு சக்தி

விரல்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தாயிற்று, பல் தேய்த்தேன் என்று பேர் பண்ணியாயிற்று, சமையலறை விளக்கை முழங்கையால் தட்டிப் போட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தும் ஆயிற்று, இவை பத்தும் மட்டும் ஹாஸ்டல் பெண்கள் மாதிரி மணி அடித்த பிறகும் போர்வைக்குள் கிடக்கின்றன. எதிரே பால் பாக்கெட். அதன் ஒரு மூலையைக் கத்தரிக்க வேண்டும், இந்த நிமிஷம் உலகத்தில் எனக்கு வேறு வேலையே கிடையாது. கத்தரிக்கோலின் ஒரு வளையத்துக்குள் கட்டைவிரல் போகிறது, இன்னொன்றுக்குள் எதுவும் போக மாட்டேன் என்கிறது. யாரோ வந்து ஒவ்வொரு கணுவிலும் சிமெண்ட் பூசிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. பல்லால் கடித்துத் திறக்கலாம். பாலில் பேஸ்ட் வாசனை வருகிறது என்பார் அவர், மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்கிற மனுஷன். கெய்சர் குழாயை மணிக்கட்டால் தள்ளித் திறந்து, அகலமான பேசினில் வெந்நீர் பிடித்து, இரண்டு கையையும் அதற்குள் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஊறப்போட்ட உளுந்து மாதிரி. "ஹேமா, காப்பி ஆச்சா?" ஹாலிலிருந்து என் கணவர் தண்டபாணி. பேப்பரை உதறுகிற சத்தம். "ஆகுது." ஆகவில்லை. ஆகும். உடம்புக்குள் ஏதோ ஒன்று ஏற வேண்டுமாம், அது ஏறினால்தான் காப்பி. டாக்டர் ஷமீமா அப்படித்தான் சொன்னாள். சொன்னாள் என்ன, என் பெண்ணைவிட நாலைந்து வயசுதான் மூத்தவளாக இருப்பாள், ஆனாலும் டாக்டர், சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். "ராத்திரி உங்க உடம்புல கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ரொம்பக் கீழ இறங்கிடும்மா. அது இருந்தாத்தான் வீக்கம் அடங்கும். விடியற நேரத்துல அது மெதுவா ஏறும். ஏறி வேலையை ஆரம்பிக்கிற வரைக்கும் விரல் இப்படித்தான் இறுகிக் கிடக்கும்." அதாவது வேலைக்காரி மாதிரி அதுவும் லேட்டாகத்தான் வரும், வந்தவுடன் பாத்திரம் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடாது, அதுவரைக்கும் நான் தொட்டியின் முன்னால் காத்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளறையில் வளையல் சத்தம். நிரஞ்சனா புரண்டு படுக்கிறாள். வளைகாப்பு முடித்து மாப்பிள்ளை நேற்றுத்தான் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து விட்டுப் போனார். ஏழு மாசம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். அம்மா இங்கே பால் பாக்கெட்டைத் திறக்க வழி தெரியாமல் கையை வெந்நீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது. அது மட்டுமா தெரியாது.

புரண்டு படு, நிரு. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு. நீ எழுந்து வந்தால் நான் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் சொல்லாமல் இருந்தாக வேண்டும், இரண்டுக்கும் இப்போது தெம்பு இல்லை. என்னத்தைச் சொல்ல. எந்த முனையிலிருந்து ஆரம்பிக்க. போன வாரத்திலிருந்தா, அந்த டாக்டர் ரூமிலிருந்தா. அங்கே போனதே இவர் அக்காவின் பொடிகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான். அண்ணியைப் பொறுத்தவரை யாருக்கு எது வந்தாலும் ஒரே நோய், ஒரே மருந்து. "உனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி ஹேமா, அதான் எல்லாம் வந்து ஒட்டிக்குது." கை வலியா, எதிர்ப்பு சக்தி கம்மி. கண் எரிகிறதா, எதிர்ப்பு சக்தி கம்மி. ராத்திரி நடுவில் உடம்பெல்லாம் அனல் அடித்து நைட்டி நனைந்து எழுந்து உட்கார்கிறேனா, அதுவும் அதேதான். நெல்லிக்காய்ப் பொடி, நிலவேம்புக் கஷாயம், பெயர் தெரியாத ஒரு லேகியம், மாட்டுச் சாணி நிறத்தில், மாட்டுச் சாணி ருசியிலேயே, விடியற்காலையில் வெறும் வயிற்றில். வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு பாட்டிலின் படம். இவரும் சேர்ந்துகொண்டு, "அக்கா சொன்னா சாப்பிடேன், உனக்குன்னு மெனக்கெட்டு அனுப்பறா." சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட விரல் முட்டி இன்னும் நன்றாக வீங்கியது. லேகியம் செய்ததா, தானாக வீங்கியதா, யாருக்குத் தெரியும். எல்லாம் முடிந்து, ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, அந்தச் சின்னப் பெண் டாக்டர் என் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எதிர்ப்பு சக்தி கம்மின்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது? உங்களுக்கு அது அதிகம். தேவைக்கு மேல இருக்கு. வெளியில அடிக்க ஆள் இல்லாம உங்க மூட்டையே அடிச்சுக்கிட்டிருக்கு." இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எதிர்ப்பு அதிகம்கிறது எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே தெரியும் டாக்டர்" என்றார். தானே சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அந்தப் பெண்ணுக்கு நான் கோயில் கட்டுவேன். எதிர்த்துப் பேசுகிறவள், எதிர்த்துப் பேசுகிறவள் என்று இந்த வீட்டில் எனக்கு ஒரு பட்டம் உண்டு, அதை என் ரத்தமும் கேட்டுக் கேட்டு நம்பிவிட்டது போலிருக்கிறது.

சிஸ்டர் பெனடிக்டா போர்டில் ஒரு மனுஷனை வரைந்தார் பத்தாம் வகுப்பில். தலையில் ஒரு சுரப்பி, கழுத்தில் ஒரு சுரப்பி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி. கலர் சாக்பீஸில், எவ்வளவு அழகாக. இடுப்பு வந்ததும் நிறுத்திவிட்டார். அந்த மனுஷன் இடுப்போடு முடிந்துவிட்டான். அடுத்த பாடத்தை எங்கள் புத்தகத்தில் ஸ்டேப்ளர் போட்டு மூடியிருந்தார்கள், "அது வீட்டில் படித்துக்கொள்ள வேண்டியது." வீட்டில் எவள் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் பின்னைப் பிரித்துப் பார்த்தோம், உள்ளே ஒன்றும் இல்லை, மாட்டுத் தலை மாதிரி ஒரு படம், கொம்பு இரண்டு, அதுதான் கர்ப்பப்பை என்று கீழே எழுதியிருந்தது. அப்புறம் தனியாக வேறொரு பாடம், நோயும் தடுப்பும், அதில் வெள்ளை அணுக்கள் சிப்பாய் வேஷத்தில் ஈட்டியோடு நிற்கும். அதற்கு ஸ்டேப்ளர் இல்லை. மாட்டுத் தலையும் ஈட்டிக்காரனும் ஒரே உடம்பில்தான் குடியிருக்கிறார்கள், ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை உண்டு, அது ஏறினால் இது அடங்கும், அது இறங்கினால் இது ஆடும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பரீட்சையில் எனக்குத் தொண்ணூறுக்கு மேல். என்ன பிரயோஜனம். தண்ணீர் ஆறுகிறது. இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட வேண்டும். சுண்டு விரல் அசைகிறது, பாருங்கள், அது ஒன்றுதான் நல்ல பிள்ளை, முதலில் எழுந்துவிடும். "ஹேமா?" "வர்றேங்க. பால் பொங்குது." பொய். பால் பாக்கெட்டுக்குள் ஜில்லென்று படுத்திருக்கிறது. பொய் சொல்வது மட்டும் ஒரு கணுவும் வலிக்காமல் வருகிறது. சமைக்கிறேன், ஆகுது, ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கேன், நீ கவலைப்படாம வா, அம்மா பார்த்துக்கறேன். அவளுக்குப் போனில் அப்படித்தானே சொன்னேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், தலையைப் பிடிக்க வேண்டும், வழுக்கும், பிடி தளரக்கூடாது. இந்தக் கையை வைத்துக்கொண்டு. சரி அது கிடக்கட்டும், அதற்கு ஆள் வைக்கலாம், ஆயாம்மா கிடைப்பாள். நான் பயப்படுவது அதற்கில்லை.

அப்போதும் எனக்கு இப்படித்தான். கல்யாணமான புதிதில் காலையில் விரல் இறுகும், கோலமாவு பிடிக்க வராது, மாமியார் வாசலில் வந்து நின்று பார்ப்பார், "கான்வென்ட்ல கோலம் சொல்லித் தர மாட்டாங்களோ." பிறகு நிரு வயிற்றில் தரித்தாள், வலி போன இடம் தெரியவில்லை. அந்த ஏழெட்டு மாசம் நான் எப்படி இருந்தேன்! படி ஏறினேன், ஆட்டுக்கல்லில் அரைத்தேன், வளையல் அடுக்கிய கையோடு பாத்திரம் தேய்த்தேன், ஒரு முனகல் கிடையாது. அந்த நாளைப் போல என் உடம்பு எனக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை, இத்தனைக்கும் உள்ளே இன்னொருத்தி குடியிருந்தாள். பிரசவம் ஆயிற்று. மூன்றாம் மாசம் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த கொஞ்ச நாளில் ஒரு காலை எழுந்திருக்கிறேன், குழந்தை அழுகிறது, என் கை வரவில்லை. மணிக்கட்டு இரண்டும் வீங்கி, பால் கொடுக்க ஹூக்கைக் கழற்ற முடியாமல் ரவிக்கையைக் கிழித்தேன். குழந்தைத் துணியைப் பெத்தவளேதான் அலச வேண்டும் என்று மாமியார் வைத்த சட்டம், கொல்லையில் சிமெண்ட் தொட்டி, மார்கழித் தண்ணீர். அதுதான், அதனால்தான் என்று நான் முடிவு கட்டினேன். பச்சை உடம்பு, பச்சை உடம்போடு என்னைப் பச்சைத் தண்ணீரில் நிற்க வைத்தாள் கிழவி என்று. மாமியாரோ தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், "சொல்லச் சொல்லக் கேக்காம பச்சை உடம்போட தலைக்கு ஊத்திக்கிட்டா, இங்கிலீஷ் படிச்ச திமிரு, இப்ப கை மடங்கலைங்கறா." இரண்டு பேரும் வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீரை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். ஒரு வருஷத்தில் வலி தானாகக் குறைந்தது, வந்து போய்க்கொண்டிருந்தது, சண்டை குறையவில்லை. மாமியார் செத்துப்போன அன்றைக்குக்கூட நான் அழுதது ஊருக்காகத்தான். உள்ளுக்குள், தொட்டி, தொட்டி என்று ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அந்த டாக்டர் பேப்பரில் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறார், மலை மாதிரி ஏறி, பிரசவம் என்று ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கிணற்றில் விழுவது மாதிரி நேராகக் கீழே. "குழந்தை பாதி நீங்க, பாதி சார். உங்க உடம்புக் காவலுக்கு அந்தப் பாதி அந்நியம். அடிச்சுடக் கூடாதில்லையா, அதுக்காக ஹார்மோன் எல்லாம் சேர்ந்து அந்த ஒன்பது மாசம் காவலை அடக்கி வைக்கும். எல்லா நோய்லயும் இப்படி இல்லை, சிலதுல தலைகீழா நடக்கும். முழுக் காரணமும் எங்களுக்கே இன்னும் தெரியாது. ஆனா உங்க மாதிரி மூட்டு நோய்க்காரங்க நிறையப் பேருக்குக் கர்ப்பத்துல நல்லா இருக்கும். பிரசவம் ஆனதும் ஹார்மோன் மடமடன்னு இறங்கும், காவல் முழிச்சுக்கும், முன்னைவிடக் கோபமா." பாதி அந்நியம் என்று அவர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்த முழு அந்நியத்தை ஒரு பார்வை பார்த்தேன், அவர் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, தண்ணி?" என்று கேட்டேன். "எந்தத் தண்ணி?" என்றார் டாக்டர். எந்தத் தண்ணீர்! என் ஆயுசில் பாதிக் கோபத்தை அந்தப் பெண் இரண்டே வார்த்தையில் பிடுங்கிக்கொண்டு விட்டாள், மாற்றாக ஒன்றும் தரவில்லை, மாத்திரை தவிர. மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அவரும் இல்லை, கேட்டாலும், "இப்பவாவது தெரிஞ்சுதே" என்பார், எனக்கு அப்போதே மறுபடி கோபம் வரும்.

இப்போது ஐம்பதில் திரும்பவும் இறங்குகிறதாம் அதே கோடு. மாசா மாசம் வந்தது வராமல் போய், வந்தால் போகாமல் இருந்து, ஒரேயடியாக நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. நின்றவுடன் கை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஒரே வார்த்தைதான், "நிக்கற வயசு, அப்படித்தான் இருக்கும்." பக்கத்து வீட்டில், கல்யாண வீட்டில், பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா வரைக்கும். நிற்கிற வயசு, நிற்கிற வயசு. எல்லாம் நின்றது, இது ஒன்று மட்டும் நிற்கவில்லை. "அந்தப் பிரசவத்துக்கு அப்புறமே யாராவது பார்த்து மருந்து ஆரம்பிச்சிருந்தா இந்த ரெண்டு கணுவும் இப்படிக் கோணியிருக்காதும்மா" என்று வலது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் தொட்டுச் சொன்னார். வருத்தமாகத்தான் சொன்னார். "தேய்ஞ்ச எலும்பு திரும்பாது. இனிமே தேயாமப் பார்த்துக்கலாம்." அப்புறம் கேட்டார், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" "இல்லை" என்றேன். அன்றைக்கு அது பொய்யில்லை. எனக்குத் தெரியாது. நேற்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நிரு சொன்னாள், கேட்டால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "அம்மா, ஒரு அதிசயம் தெரியுமா? எனக்கு காலேஜ் முடிக்கறப்போலேர்ந்து விரல் வலி, கீபோர்டு தட்டித் தட்டி, உன்கிட்ட சொன்னதில்லை. சுத்தமாப் போயிடுச்சு. மூணாவது மாசத்துக்கப்புறம் ஒண்ணுமே இல்லை. என் மாமியார் சொல்றாங்க, வயித்துல இருக்கறது மகாலட்சுமி, ராசியான குழந்தைன்னு." இவர், "பலே" என்றார். என் தட்டில் ரசம் இருந்தது. ரசத்தைப் பார்த்துக்கொண்டு, "சந்தோஷம்" என்றேன். அதற்குப் பிறகு தூங்கவில்லை. ராசியான குழந்தை. ஆமாம், நீயும்தான் ராசியான குழந்தையாக இருந்தாய், நீ வெளியில் வருகிற வரைக்கும். சொன்னால் என்ன ஆகும். பயப்படுவாள். ஏழு மாசத்தில் பயந்தால், அழுதால், சாப்பிடாமல் கிடந்தால், கவலையிலும் அந்தக் கார்ட்டிசால்தான் தாறுமாறாக ஏறி இறங்கும் என்று அதையும் அந்த டாக்டர் சொல்லித் தொலைத்தாரே. சம்பந்தியம்மாள் காதுக்குப் போனால், வம்சத்தில் நோய் இருக்கிறது, மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்று ஒரு பேச்சு வரும், அதை நான் எதிர்த்து ஒன்று பேசுவேன், அது நிற்காமல் போகும். சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் மூன்றாம் மாசமோ நாலாம் மாசமோ பெங்களூரில் பதினோராவது மாடியில் ஒரு காலை குழந்தை அழும், இவள் கை வராது. இவள் மாமியார் சொல்வாள், "பச்சை உடம்போட ஏ.சி.யில உக்காந்தே, அதான்." தொட்டி போய் ஏ.சி. வந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். யாராவது லேகியம் அனுப்புவார்கள். ஒருவேளை இவளுக்கு நிஜமாகவே கீபோர்டுதானோ. ஒருவேளை நான்தான் என் வியாதியைக் கொண்டுபோய் அவள் கையில் மாட்டுகிறேனோ. அம்மாக்கள் அப்படிச் செய்கிறவர்கள்தான், நகையைக் கொடுக்கிற மாதிரி வியாதியையும். பிரசவம் ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம். அந்த 'பார்த்துக்கொள்ளலாம்' எனக்குத் தெரியும், அதுதான் என் இரண்டு கணுவைக் கோணலாக்கியது. மோதிர விரலும் இப்போது மடங்குகிறது, பாதிதான். வளையல் சத்தம். கட்டில் சத்தம். எழுந்துவிட்டாள். கடவுளே, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருக்கக் கூடாதா இந்தப் பெண்.

வந்தாள். ஒரு கை இடுப்பில், வயிற்றை முன்னால் விட்டுக்கொண்டு, கண் பாதி மூடி. "என்னம்மா, காலங்காத்தால கையை ஊறப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே? பார்லரா?" நான் ஒன்றும் சொல்வதற்குள் பால் பாக்கெட்டை எடுத்தாள், கத்தரிக்கோலை எடுத்தாள், ஒரு சின்னச் சத்தம், மூலை தனியாக விழுந்தது. பாலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் முக்கால் மணி நேரத்தை அவள் ஒரு கொட்டாவிக்குள் முடித்துவிட்டாள். "பாரேன்" என்று என் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் மூடி மூடித் திறந்து காட்டினாள். "முன்னாடியெல்லாம் எழுந்தவுடனே பிரஷ்ஷைப் பிடிக்கவே வராதும்மா. இப்பப் பாரு, சும்மா பூ மாதிரி." பூ மாதிரிதான் இருந்தன. நீளமான, ஒல்லியான, என் பழைய விரல்கள். "காலையில மட்டும்தான் வலிக்குமா?" என்று கேட்டேன். "ஆமா. எழுந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அப்புறம் சரியாயிடும். கீபோர்டால வர்றதும்மா, எங்க ஆபீஸ்ல நிறையப் பேருக்கு இருக்கு." "கீபோர்டை நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே தட்டுவியாடீ?" சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். பேசினுக்குள் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். வெளியே எடுத்து மறைத்திருக்கலாம், எடுக்கவில்லை. "வலி போகலை நிரு. தூங்குது" என்றேன். இதைவிட நன்றாகச் சொல்ல வார்த்தை இல்லாமல் இல்லை, ராத்திரி முழுக்க எத்தனை விதமாகக் கட்டிப் பார்த்தேன், பூ வைத்து, பட்டுத்துணி சுற்றி. வாயைத் திறந்தால் எனக்கு வருவது இப்படித்தான். சொன்னேன். டாக்டர், கோடு, காவல், பாதி அந்நியம், பிரசவம் ஆனதும் இறங்குவது, எனக்கு அப்படித்தான் ஆனது, உனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கும், இருந்தால் குழந்தை பிறந்தவுடனே பாலுக்குத் தொந்தரவில்லாத மருந்து இருக்கிறதாம். மூச்சு விடாமல் சொன்னேன், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வந்தது, கையை நீட்டி அடுப்பை அணைத்தாள், என்னைப் பார்க்காமல்.

"ஏழு மாசத்துல வந்து இறங்கியிருக்கேன். மொத நாள் காலையில. உனக்கு வேற நேரமே கெடைக்கலையாம்மா?" "கெடைக்கலை. ராத்திரி பூரா தேடினேன்." "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கும்." "ஆமா." "நான் சந்தோஷமா இருந்தேன் நேத்து." ஹாலிலிருந்து, "என்ன, அம்மாவும் பொண்ணும் வந்த மறுநாளே ஆரம்பிச்சாச்சா?" "அப்பா, சும்மா இருங்க!" என்று கத்தினாள், நான் கத்துகிற அதே சுருதியில். பேப்பர் சத்தம் நின்றது. பிறகு மெதுவாக, அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அப்ப, பொறந்ததுக்கு அப்புறம் என்னால குழந்தையைத் தூக்க முடியாதா?" அதற்காகத்தான், இந்தக் கேள்வி வரும் என்றுதான் நான் விடிய விடியப் பயந்தேன், வந்துவிட்டது. "முடியும். இப்பவே பார்த்தா முடியும். எனக்குத்தான் என்னன்னு யாரும் பார்க்கலை." "அப்ப நீ என்னைத் தூக்கலையா?" "தூக்கினேனே." "எப்படி?" காட்டினேன். பேசினிலிருந்து கையை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு முழங்கையையும் சேர்த்து மடித்து, உள்ளங்கை இரண்டும் எதற்கும் உதவாமல் மேலே தொங்க, தட்டில் வைத்து ஏந்துகிற மாதிரி. அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். முதலில் படுக்கையில் முட்டி போட்டு, முழங்கையை அவள் முதுகுக்கு அடியில் நுழைத்து, மெதுவாக நெஞ்சோடு சாய்த்து. புகுந்த வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள், பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை பார் என்று. ஒரு தடவைகூட நழுவ விட்டதில்லை. அதைச் சொல்லவில்லை. வெறும் கையை மட்டும் அப்படி வைத்துக்கொண்டிருந்தேன், ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நிரு பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். மூக்கை மட்டும் நைட்டித் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?" "பத்து மணிக்குத்தான். மத்தியானமாப் போகலாம், உனக்கு அசதியா இருக்கும்." "இப்பவே கெளம்பு. போய் உக்காந்துக்குவோம்." "மணி ஆறரைடீ. கிளினிக்கைப் பெருக்கக்கூட ஆள் வந்திருக்காது." "இங்க உக்காந்து மட்டும் என்ன பண்ணப் போறோம்? ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டா?" நியாயம்தான். யார் பெற்ற பெண். "நைட்டியோடவே வா, மேல ஒரு துப்பட்டா போட்டுக்க" என்றாள். "அதுக்கு நான் செத்துடலாம்" என்றேன். பீரோவைத் திறந்து கையில் அகப்பட்ட காட்டன் புடவையை உருவினாள், இஸ்திரி போடாதது, நான் அதைச் சொல்வதற்குள் என் இடுப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எத்தனை நாளாகக் கொசுவம் மடிக்க வராமல் நைட்டியிலேயே கிடக்கிறேன் என்று இவளுக்கு யார் சொன்னது, கேட்கவும் இல்லை. வயிறு இடித்தது, தள்ளி நின்று கையை எட்டி மடித்தாள், மடிப்பு ஒன்று பெரியதும் ஒன்று சின்னதுமாக. எனக்குப் புடவை இப்படிக் கோணல்மாணலாக இருந்தால் பிடிக்காது, ஆனால் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தோளிலிருந்து இறங்கி, நின்ற நிலையிலேயே தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. "கையைக் கொஞ்சம் தூக்கு" என்று மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். பிடித்தது வீங்கிய இடத்தில். என் முகம் சொல்லியிருக்க வேண்டும், சட்டென்று விட்டுவிட்டாள். கொசுவம் அவிழ்ந்து தரையில் விழுந்தது. அவளும் குனிந்து எடுக்க முடியாது, நானும் குனிந்து எடுக்க முடியாது.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது" என்றேன். "ரொம்ப வலிக்குது."